வெள்ளை அணுவுக்கு வழி சொல்வது எது?

வாசகர் கேள்வி – மருத்துவக் குழு பதில்

சென்ற இதழில் எச்.ஐ.வி. மருந்துகளைப் பற்றி எழுதியபோது, அந்த வைரஸ் அணுவுக்குள் நுழைய சிசிஆர்5 என்ற கீமோகைன் ஏற்பியை (அணுவின் மேல் நின்று வேதி அழைப்பை உணரும் புரதம்) பிடித்துக்கொள்கிறது என்று இரண்டு வரி வந்திருந்தது. அந்த இரண்டு வரியைப் பற்றியும், வெள்ளை அணுக்களின் போக்குவரத்தோடு தொடர்புள்ள நோய்களைப் பற்றியும் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வெள்ளை அணுக்கள் கிருமியைத் தேடிப் போகின்றன என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கண்ணில்லாத அணு எப்படித் தேடும்? கீமோகைன் ஏற்பிக்கு அதில் என்ன வேலை?
– நர்சிங் மாணவி, அஸ்தம்பட்டி

விரலில் முள் ஏறியதும் அந்த இடத்துத் திசு அணுக்களும், அங்கேயே குடியிருந்து கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களும் சிறு சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அவைதான் கீமோகைன்கள். மனித உடலில் ஏறத்தாழ 50 வகை உண்டு. சுரந்த இடத்தில் அடர்த்தி அதிகம்; தள்ளிப் போகப் போகக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை உணரும் புரதம் வெள்ளை அணுவின் மேல்தோலில் இருக்கிறது. அதுவே கீமோகைன் ஏற்பி. அணுச்சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து நிற்கும் புரதம் அது. வகைகள் 20-ஐ ஒட்டி இருக்கும். எந்த அணு எந்த ஏற்பியை அணிந்திருக்கிறதோ, அந்த அழைப்பு மட்டுமே அதற்குக் கேட்கும். வெள்ளை அணுவின் வகைகளைப் பார்த்தால், நியூட்ரோஃபில்லுக்கு சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2. மோனோசைட்டுக்கு சிசிஆர்2. இயோசினோஃபில்லுக்கு சிசிஆர்3. குடலுக்குப் போகவேண்டிய டி அணுவுக்கு சிசிஆர்9, தோலுக்குப் போகவேண்டியதற்கு சிசிஆர்4, சிசிஆர்10.

இரத்தக் குழாயிலிருந்து அணு வெளியேறும் முறையைப் படிப்படியாகத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வுக்கும் உதவும், நோயாளியைப் புரிந்துகொள்ளவும் உதவும். முதலில் குழாயின் உட்சுவரில் இருக்கும் செலக்டின் என்ற புரதம் ஓடும் அணுவை லேசாகப் பிடிக்கிறது. அணு சுவரோடு உருள ஆரம்பிக்கிறது, வேகம் குறைகிறது. அந்தச் சுவரில்தான் கீமோகைன்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. உருளும் அணுவின் ஏற்பியில் கீமோகைன் பட்டதும், உள்ளே ஜி-புரதம் வழியாகச் செய்தி போய், நொடிப்பொழுதில் இன்டெக்ரின் என்ற இன்னொரு புரதம் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகிறது. அணு நின்றுவிடுகிறது. பிறகு சுவர் அணுக்களின் இடுக்கில் நெளிந்து வெளியே வந்து, அடர்த்தி கூடும் திசையில் ஊர்கிறது. தன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே கீமோகைன் அடர்த்தி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வித்தியாசப்பட்டால்கூட நியூட்ரோஃபில் அதைக் கண்டுகொள்ளும்.

இன்டெக்ரின் பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. பிறந்து மூன்று நான்கு வாரமாகியும் தொப்புள்கொடி விழாது. இரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை மலைபோல் இருக்கும், புண்ணில் ஒரு சொட்டுச் சீழ் இருக்காது. வார்டில் இப்படியொரு குழந்தையைப் பார்த்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை எல்லா வாசகர்களும் மனத்தில் வைக்கவேண்டும். உடலிலுள்ள லிம்போசைட்டுகளில் (டி அணு முதலான வெள்ளை அணுக்கள்) ஒரு நேரத்தில் இரத்தத்தில் இருப்பவை சுமார் 2 சதவீதம்தான். மற்றவை நிணநீர் முடிச்சு, மண்ணீரல், குடல், எலும்பு மஜ்ஜை என்று அங்கங்கே இருக்கின்றன. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நின்று பஸ்களை எண்ணினால் எத்தனை பஸ் ஓடுகிறது என்று தெரியும். யார் எங்கே இறங்கினார்கள் என்று தெரியாது. இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். கீழே வரும் பல கேள்விகளின் முடிச்சு இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

பத்து வயது மகனுக்குக் காலில் புண். இடுப்படியில் நெறி கட்டியிருக்கிறது. புண் காலில் இருக்க, நெறி ஏன் தொடை இடுக்கில்?
– ஒரு தாய், ஓமலூர்

புண்ணில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிடிக் அணு, அதன்பிறகு சிசிஆர்7 என்ற ஏற்பியை மேலே கொண்டுவருகிறது. நிணநீர் முடிச்சுகள் எப்போதும் சுரந்துகொண்டிருக்கும் சிசிஎல்19, சிசிஎல்21 என்ற கீமோகைன்கள் அந்த ஏற்பிக்கு உரியவை. ஆகவே அது காலை விட்டுப் புறப்பட்டு, நிணநீர்க் குழாய் வழியே தொடை இடுக்கில் உள்ள முடிச்சுக்கு வந்து சேர்கிறது. அங்கே டி அணுக்களுக்குக் கிருமியின் துண்டைக் காட்டுகிறது. பொருத்தமான டி அணு கிடைத்ததும் அது பெருகுகிறது. இரத்தத்திலிருந்து புது லிம்போசைட்டுகளும் அதே சிசிஆர்7 உதவியால் உள்ளே வருகின்றன. வெளியேறும் வழி சில நாட்களுக்கு அடைக்கப்படுகிறது. முடிச்சு வீங்கும், தொட்டால் வலிக்கும். புண் ஆறினால் இரண்டு மூன்று வாரத்தில் வடியும். நெறியைத் தேய்க்கவோ நீவவோ வேண்டாம். புண்ணைச் சோப்புத் தண்ணீரில் கழுவிச் சுத்தமாக வைத்தால் போதும். நெறியின் மேல் தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கவலைப்பட வேண்டிய நெறி வேறு மாதிரி இருக்கும். வலிக்காது. கல்லுப்போல் இருக்கும், அல்லது பல முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். 2 செ.மீ.க்கு மேல் போகும், நான்கு வாரமாகியும் குறையாது. காறை எலும்புக்கு மேல் வந்தால் எந்த அளவாக இருந்தாலும் காட்டவேண்டும். கழுத்தில் இப்படி வந்தால் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். ஊசி போட்டு எடுக்கும் மாதிரியை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். முடிச்சையே வெட்டி எடுப்பதானால் ஒரு பாதி ஃபார்மலினிலும் மறு பாதி சலைனிலும் போகவேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, பிறகு நோயாளி மறுபடி கத்திக்கு வரவேண்டியிருக்கிறது. காரணம் தெரியாமல் லீவோஃப்ளாக்சசின் மாதிரியான மாத்திரையைப் பத்து நாள் கொடுப்பதும் கூடாது. அது காசநோயை அரைகுறையாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும்.

மூன்று மாதப் பேத்திக்கு இருமல். மூச்சு இழுத்து, முகம் நீலமாகிறது. வெள்ளை அணு 45,000, அதில் பெரும்பாலும் லிம்போசைட் என்று ரிப்போர்ட் வந்தது. இரத்தப் புற்றோ என்று வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள்.
– பாட்டி ஒருவர், அம்மாப்பேட்டை

இந்த வயதில், இந்த இருமலோடு, இந்த எண்ணிக்கை வந்தால் முதல் சந்தேகம் கக்குவான் இருமல். அந்தக் கிருமி சுரக்கும் நச்சு, முதல் பதிலில் சொன்ன ஜி-புரதத்தையே செயலிழக்கச் செய்கிறது. கீமோகைன் வந்து ஏற்பியில் உட்கார்ந்தாலும் உள்ளே செய்தி போகாது. லிம்போசைட்டுகள் நிணநீர் முடிச்சுக்குள் நுழைய முடியாமல் இரத்தத்திலேயே சுற்றுகின்றன. எண்ணிக்கை ஏறுவதற்கு முக்கியக் காரணம் இந்தத் தேக்கம். புற்றணு பெருகியதால் வந்ததில்லை. ஸ்லைடைப் பார்த்த நிபுணர் 'முதிர்ந்த சிறு லிம்போசைட்டுகள், பிளாஸ்ட் (இரத்தப் புற்றில் பெருகும் முதிராத அணு) இல்லை' என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள்.

ஆனால் நிம்மதியாக வீட்டில் வைத்திருக்கும் நோய் இல்லை இது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமலே வராமல் மூச்சு மட்டும் நின்றுபோகலாம். வெள்ளை அணுக்கள் மிகவும் ஏறினால் நுரையீரலின் சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டு இதயம் திணறும். முகம் நீலமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; இன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். எண்ணிக்கையை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பார்ப்பார்கள், வேகமாக ஏறினால் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படும்.

மருந்து அசித்ரோமைசின்: ஆறு மாதத்துக்குக் கீழே கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு ஒரு வேளை, 5 நாள். இது கிருமியைக் கொல்லும், அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும். ஏற்கெனவே அணுக்களில் ஒட்டிய நச்சை எடுக்காது. அதனால் மருந்து முடிந்தும் வாரக்கணக்கில் இருமல் நீடிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிக்கொண்டே போகவேண்டாம். வீட்டில் குழந்தையைத் தூக்கும் எல்லோருக்கும் அதே மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களின் நீண்ட நாள் இருமலிலிருந்துதான் பெரும்பாலும் குழந்தைக்குத் தொற்றுகிறது. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளில் எது விடுபட்டது என்று அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். நோய் வந்துபோனாலும் மீதி ஊசிகளைப் போட்டே ஆகவேண்டும். 16–24 மாதத்திலும் 5–6 வயதிலும் உள்ள ஊக்க ஊசிகள் உட்பட.

மான்டூ ஊசி போட்டால் ஏன் இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்கிறார்கள்?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

காசநோய்க் கிருமியின் புரதத்தை முன்கைத் தோலில் செலுத்திப் பார்க்கும் சோதனை இது. அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி அணுக்கள் முதலில் ஒரு சிலவே ஊசி போட்ட இடத்துக்கு வரும். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம், தோல் அணுக்களைத் தூண்டி சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைன்களைச் சுரக்கவைக்கும். சிஎக்ஸ்சிஆர்3 அணிந்த டி அணுக்கள் அதன்பிறகுதான் கூட்டமாக வரும். இதற்கு 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அளக்கவேண்டியது தடிப்பை, சிவப்பை இல்லை. முன்கைக்குக் குறுக்காக 10 மி.மீ. அல்லது மேல் என்றால் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 மி.மீ. போதும். பாசிட்டிவ் என்றால் கிருமி உடலில் நுழைந்திருக்கிறது என்றுதான் பொருள், நோய் இருக்கிறது என்று ஆகாது.

காப்பிக் கொட்டை தரம் பிரிக்கும் இடத்தில் வேலை. வேலைக்குப் போனால் தும்மல், மாலையில் நெஞ்சில் விசில் சத்தம். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறேன். இயோசினோஃபில் சோதித்தால் நார்மல் என்கிறார்கள். அப்படியானால் அலர்ஜி இல்லையா?
– தோட்டத் தொழிலாளி, ஏற்காடு

அலர்ஜியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூச்சுக்குழாயின் உட்படலம் இயோடாக்சின் என்ற கீமோகைனைச் சுரக்கும்போது, சிசிஆர்3 அணிந்த இயோசினோஃபில்கள் இரத்தத்தை விட்டு நுரையீரலுக்குப் போய்விடுகின்றன. இரத்தத்தில் எண்ணிக்கை நார்மல் என்பது நுரையீரலில் அவை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. சோதனை எடுத்த நேரமும் முக்கியம். காலையில் இந்த அணுக்கள் குறைவாகவும் இரவில் அதிகமாகவும் இருக்கும். இழுப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருந்தால் சில மணி நேரத்திலேயே எண்ணிக்கை விழுந்துவிடும். மாத்திரைக்கு முன் எடுத்த சோதனைக்குத்தான் மதிப்பு.

ஞாயிறன்று நன்றாக இருப்பதுதான் உங்கள் கடிதத்தில் உள்ள மிகப் பெரிய துப்பு. அதை எழுத்தில் கொண்டுவாருங்கள். மூச்சை ஊதி அதன் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் மருந்துக் கடையில் கிடைக்கும். எழுந்ததும், வேலையின் நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, மூன்றில் அதிகமானதைக் குறியுங்கள். இரண்டு வாரமாவது தொடரவேண்டும், நான்கு வாரம் என்றால் இன்னும் நல்லது. விடுமுறை நாட்களையும் விடாமல் குறிக்கவேண்டும். வேலை நாளில் எண் இறங்கி விடுமுறையில் ஏறினால், நெஞ்சுநோய் மருத்துவருக்கு அந்தத் தாள் பல ஸ்கேன்களைவிட உதவும்.

வறுக்காத பச்சைக் கொட்டையின் தூசி தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்தது. வறுத்த கொட்டையில் இந்தக் குணம் பெருமளவு போய்விடும். இன்னொரு குற்றவாளி சாக்கு. முன்பு ஆமணக்கு விதை கட்டிய சாக்கில் காப்பியைக் கட்டினால், இழையில் தங்கிய ஆமணக்குத் தூசி கொட்டையின் தூசியைவிடக் கடுமையான அலர்ஜியைத் தரும். ஏத்தாப்பூரில் ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கும் மாவட்டம் இது. கைமாறி வரும் சாக்கில் ஆமணக்கு இருந்திருக்கச் சாத்தியம் நிறைய. புதுச் சாக்கு, இல்லையென்றால் காப்பிக்கு மட்டுமே பயன்பட்ட சாக்கு என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். சாக்கை உதறும் வேலையைக் கொட்டகைக்கு வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யவேண்டும். துணியைக் கட்டிக்கொண்டால் நுண்தூசி நிற்காது. என்95 முகக்கவசம் தேவை.

ஸ்டீராய்டு பற்றி ஓர் எச்சரிக்கை. மலைத்தோட்டத்தில் வெறுங்காலில் நடப்பவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு தோல் வழியே ஏறி, பல வருடம் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையைக் கூடுதல் அளவில் நாள்கணக்கில் போட்டால் அது உடல் முழுதும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். எப்போதாவது இயோசினோஃபில் 500-க்கு மேல் போயிருந்தால், அல்லது வெறுங்காலில் வேலை செய்பவர் என்றால், நீண்ட நாள் ஸ்டீராய்டுக்கு முன் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற கணக்கில் கேட்கும். அல்பெண்டசோல் இந்தப் புழுவுக்கு அவ்வளவாகக் கேட்காது. உறிஞ்சும் இன்ஹேலரின் வழக்கமான அளவுக்கு இந்தப் பயம் வேண்டாம்; அதை ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) எடுத்து, வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

எலும்பு மஜ்ஜை மாற்றினால் எச்.ஐ.வி. முழுக்கக் குணமாகும் என்று படித்தேன். நிலத்தை விற்றாவது என் கணவருக்குச் செய்ய நினைக்கிறேன்.
– பெயர் வேண்டாம், எடப்பாடி

நிலத்தை விற்க வேண்டாம் அம்மா. ஏன் என்று விவரமாகச் சொல்கிறோம்.

எச்.ஐ.வி. முதலில் சிடி4 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அது மட்டும் போதாது. இரண்டாவதாக ஒரு கீமோகைன் ஏற்பியையும் பிடித்தால்தான் அணுவுக்குள் நுழையும். பெரும்பாலும் அது சிசிஆர்5, நோயின் பிற்பகுதியில் சிலருக்கு சிஎக்ஸ்சிஆர்4. இது 1996-இல் தெரியவந்தது. வட ஐரோப்பியரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு, சிசிஆர்5 மரபணுவின் இரு பிரதிகளிலும் 32 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. ஏற்பி அணுவின் மேல்தோலுக்கே வராது. சிசிஆர்5 வழியாக நுழையும் வைரஸ் அவர்களைத் தொற்றுவது மிக மிக அரிது.

பெர்லினில் திமோதி ரே பிரவுன் என்பவருக்கு இரத்தப் புற்று வந்தது. 2007-இலும் 2008-இலும் இந்த மரபணு மாற்றம் உள்ள கொடையாளியின் அணுக்களை மாற்றினார்கள். எச்.ஐ.வி. திரும்பவில்லை. 2020-இல் அவர் இறந்தது, மீண்டும் வந்த புற்றால். லண்டனில் இன்னொருவருக்கு நடந்தது 2019-இல் வெளியானது. அதன்பிறகும் சிலர். அத்தனை பேரும் புற்றுக்காக மாற்றிக்கொண்டவர்கள். எச்.ஐ.வி.க்காக மட்டும் யாருக்கும் இதைச் செய்வதில்லை. பிறர் மஜ்ஜையை ஏற்க முதலில் தன் மஜ்ஜையை முழுக்க அழிக்கவேண்டும். அந்தச் சமயத்துத் தொற்றிலும், வந்த அணுக்கள் உடலையே தாக்குவதிலும் கணிசமானோர் இறந்துபோகிறார்கள். அந்த மரபணு மாற்றம் நம் மக்களிடம் மிக அரிது, பொருந்தும் கொடையாளி கிடைப்பது அதைவிட அரிது. ஜெர்மனியில் எஸ்ஸென் நகர நோயாளி ஒருவருக்கு இதே சிகிச்சை செய்தும், சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பயன்படுத்தும் வைரஸ் திரும்பி வந்தது.

சிசிஆர்5-ஐ அடைக்கும் மாத்திரையும் உண்டு. பெயர் மராவிரோக், 2007-இல் வந்தது. அதைத் தொடங்கும் முன் வைரஸ் எந்த ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்ற விலை உயர்ந்த சோதனை தேவை. நாளுக்கு இரண்டு வேளை. கூட எடுக்கும் மருந்தைப் பொறுத்து ஒரு வேளை அளவு 150, 300, 600 மி.கி. என்று மாறும். அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே மாத்திரை இதைவிட எளிது, வலிமையானது: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி., நாளுக்கு ஒன்று.

அது சரியாக வேலை செய்யாமல் போவதற்குச் சில காரணங்கள் உண்டு, அவற்றைக் கவனியுங்கள். வயிற்றுப் புண்ணுக்கான ஆன்டாசிட் டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாது. ஆன்டாசிடுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ மாத்திரையைப் போடவேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றாக எடுக்கலாம். வெறும் வயிற்றில் சேர்க்கக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. மட்டும் 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை வேண்டும். 6 மாதத்திலும் 12 மாதத்திலும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்க்கவேண்டும். அது கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவு வழியாக உங்களுக்குத் தொற்றாது. உங்களுக்கும் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெயர் சொல்லாமல் பேச 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பானம் குடித்தால் இந்த ஏற்பிகள் கூடுமா?
– வாசகி, சூரமங்கலம்

கூடவேண்டும் என்று ஏன் ஆசைப்படவேண்டும்? விம் என்ற அரிய பிறவி நோயில் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அதன் வால்பகுதி குட்டையாகிவிடுவதால், வேலை முடிந்தும் அணுவுக்குள் இழுக்கப்படாமல் மேலேயே நிற்கிறது. எலும்பு மஜ்ஜை சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 நியூட்ரோஃபில்களை விடாமல் பிடித்துவைக்கிறது. மஜ்ஜை நிறைய அணுக்கள், இரத்தத்தில் பஞ்சம்; திரும்பத் திரும்ப நிமோனியா, உடல் முழுக்க மரு. மரபணுக் காரணம் 2003-இல் தெரிந்தது. ஏற்பியை அடக்கும் மாவோரிக்ஸாஃபோர் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, இங்கே கூட்டுவது நோய், குறைப்பது மருந்து. பானத்துக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டையும் பருப்பும் வாங்குங்கள், விடுபட்ட தடுப்பூசியைப் போடுங்கள்.

சென்னையில் இருக்கும் மகனுக்கு விவாக்ஸ் மலேரியா. இது ஆப்பிரிக்கர் பலருக்கு வராது என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்

பெருமளவு உண்மை. விவாக்ஸ் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையப் பிடிப்பது டஃபி என்ற புரதம். இதுவும் ஒரு கீமோகைன் ஏற்பிதான், ஆனால் அணுவுக்குள் செய்தி அனுப்பாது. உபரிக் கீமோகைனைப் பிடித்துவைக்கும். மேற்கு ஆப்பிரிக்கர் பெரும்பாலோரின் சிவப்பணுவில் அது இல்லை. முழுப் பாதுகாப்பு என்று சொல்லமுடியாது. மடகாஸ்கரிலும் எத்தியோப்பியாவிலும் டஃபி இல்லாதவருக்கும் விவாக்ஸ் வந்திருக்கிறது. நம்மவர் அநேகமாக எல்லோருக்கும் டஃபி உண்டு. மகனுக்கு ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி; குறைந்தவருக்கு பிரைமாகுவின் ஆகாது) சோதித்துவிட்டு, பிரைமாகுவின் 14 நாளும் முடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் ஈரலில் உறங்கும் கிருமி சில வாரத்திலோ மாதத்திலோ திரும்பும்.

டிரான்ஸ்வெல் தட்டில் லிம்போசைட் நகர்வைச் சோதிக்கிறோம். கீமோகைன் போட்ட கிணற்றிலும் போடாத கிணற்றிலும் ஒரே எண்ணிக்கை வருகிறது. எங்கே தவறு?
– உயிர்த்தொழில்நுட்ப முதுநிலை மாணவர், சேலம்

இந்தத் தட்டில் அணு உள்ள மேல்பாத்திரத்தையும் கீமோகைன் உள்ள கீழ்க்கிணற்றையும் துளையுள்ள சவ்வு பிரிக்கிறது. முதலில் அந்தத் துளை அளவைப் பாருங்கள். லிம்போசைட்டுக்கு 5 மைக்ரான், நியூட்ரோஃபில்லுக்கு 3. புற்றணுவுக்கான 8 மைக்ரான் தட்டில் லிம்போசைட் ஊர்ந்து போகாது, தானே விழும். இரண்டு கிணற்றிலும் ஒரே எண் வர இதுவே முதல் காரணம். 24 கிணற்றுத் தட்டில் கீழே 600 மைக்ரோலிட்டர், மேலே 100 மைக்ரோலிட்டரில் 5 லட்சம் அணு, ஊடகத்தில் 0.5 சதவீதம் பிஎஸ்ஏ. 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம். இரவு முழுக்க விட்டால் மேலும் கீழும் அடர்த்தி சமமாகிவிடும், திசை என்பதே இருக்காது. மேல்பாத்திரத்தை இறக்கும்போது அடியில் காற்றுக்குமிழி சிக்கினாலும் அந்தக் கிணறு வீண், சாய்த்து இறக்குங்கள்.

அடுத்து அளவு. அதிகம் போட்டால் அதிகம் நகரும் என்பது இங்கே செல்லாது. ஏற்பிகள் நிறைந்துபோய் அணுவுக்குள் இழுக்கப்பட்டுவிடும். வரைபடம் மணி வடிவில் ஏறி இறங்கும். சிஎக்ஸ்சிஎல்12 என்றால் மில்லிலிட்டருக்கு 1, 10, 100, 500 நானோகிராம் என்று நான்கு அளவாவது வையுங்கள்.

மூன்றாவது அணுக்களின் நிலை. ஹெப்பாரின் குழாயில் எடுத்த இரத்தத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் மிச்ச ஹெப்பாரின் கீமோகைனைப் பிடித்துக்கொள்ளும். ஈடிடிஏ மிச்சமிருந்தால் இன்டெக்ரினுக்கு வேண்டிய கால்சியம் கிடைக்காது. டிரிப்சின் பட்டால் ஏற்பியின் வெளிமுனை அறுந்துவிடும். உறைநிலையிலிருந்து எடுத்த அணுக்களை ஓர் இரவு 37 டிகிரியில் ஓய்வாக விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஏற்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சோதனையைத் தொடங்குவது நல்லது. சிசிஆர்7-க்கு ஆன்டிபாடியை ஐஸில் வைத்துச் சேர்ப்பதைவிட 37 டிகிரியில் சேர்த்தால் தெளிவாகத் தெரியும்.

கட்டுப்பாட்டுக் கிணறுகள் மூன்று வேண்டும்: கீமோகைன் இல்லாதது, மேலும் கீழும் ஒரே அளவு கீமோகைன் உள்ளது, பெர்டுசிஸ் நச்சில் (மேலே சொன்ன கக்குவான் கிருமியின் நச்சு) ஊறவைத்த அணுக்கள் உள்ளது. இரண்டாவதில் எண்ணிக்கை ஏறினால் அது திசையற்ற துடிப்பு மட்டுமே. மூன்றாவதில் நகர்வு நின்றால்தான் நீங்கள் பார்த்தது ஏற்பி வழியாக நடந்தது என்று எழுதலாம்.

அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்று. அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்பக் கொடுக்கப் போகிறார்கள். முதல் முறை போதிய அணு வரவில்லை. இப்போது பிளெரிக்ஸாஃபோர் என்ற ஊசி எழுதியிருக்கிறார்கள். விலை அதிகம். அவசியமா?
– மகன், மேட்டூர்

முதல் முறை குறைந்தவருக்கு இது அவசியமான ஊசிதான். ஸ்டெம் செல்லை மஜ்ஜையில் பிடித்துவைப்பது அதே சிஎக்ஸ்சிஆர்4. இந்த ஊசி அந்த ஏற்பியைச் சில மணி நேரம் அடைக்கும். பிடி தளர்ந்து அணுக்கள் இரத்தத்துக்கு வரும். காலையில் மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியைக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் நான்கு நாள் போட்டபின், நான்காம் நாள் இரவு தோலுக்கடியில் கிலோவுக்கு 0.24 மி.கி. சேகரிப்புக்குச் சுமார் 11 மணி நேரம் முன்பு போடவேண்டும்; காலை 8 மணிக்கு எடுப்பதென்றால் இரவு 9 மணி. இந்த நேரம் தவறினால் அணுக்கள் திரும்ப மஜ்ஜைக்குப் போய்விடும், ஊசிக்கான பணமும் போய்விடும். இரவில் யார் போடுவார்கள் என்று முன்கூட்டியே நர்ஸிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு குப்பியில் 24 மி.கி. இருக்கும்; அப்பாவின் எடை 60 கிலோ என்றால் 14.4 மி.கி. போதும். சிறுநீரகம் பாதித்து கிரியாட்டினின் கிளியரன்ஸ் 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அளவு கிலோவுக்கு 0.16 மி.கி.யாகக் குறையும். மைலோமாவில் சிறுநீரகம் பழுதாவது சகஜம், ஆகவே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வயிற்றுப்போக்கும் ஊசி இடத்தில் சிவப்பும் வரும், ஒரு நாளில் போகும். லெனலிடோமைட் என்ற மைலோமா மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால் அது அணு வெளிவருவதைக் குறைக்கும். சேகரிப்புக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம், நிறுத்தினார்களா என்று கேளுங்கள். தேவையான அளவு, உடல் எடை கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 அணு (சிடி34 அடையாளமுள்ள ஸ்டெம் செல்). 50 லட்சம் கிடைத்தால் தட்டணுக்கள் சீக்கிரம் மீளும். காலையில் இரத்தத்தில் சிடி34 எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தில் இணைப்பார்கள். போதாதென்றால் அன்றிரவும் அதே ஊசி தேவைப்படும். இரண்டாவது குப்பிக்கு மருந்தகத்தில் இருப்பு உண்டா என்பதை முதல் நாளே விசாரித்து வையுங்கள்.